மறு: ‘சிறுபான்மைத் தலைவர்’ எந்தச் சிறுபான்மை?

கலைச்சொல் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் கட்சித் தலைமை வளர்ந்த வரலாறு பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவையில் பெரும்பான்மை இல்லாத கட்சியை அங்கே வழிநடத்துபவர் மைனாரிட்டி லீடர், பெரும்பான்மைக் கட்சிக்கு மெஜாரிட்டி லீடர். மைனாரிட்டி லீடர் என்று வந்த இடமெல்லாம் ‘சிறுபான்மைத் தலைவர்’ என்று போட்டிருந்தேன். நாளிதழ்களிலும் அப்படித்தான் வருகிறது. வரைவை அச்செடுத்து மாமாவிடம் கொடுத்தேன். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வுபெற்றவர், கையில் பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டார். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது. “இவர் எந்தச் சிறுபான்மை? கத்தோலிக்கரா, யூதரா?” என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. நம் ஊரில் அந்தச் சொல்லைப் படிக்கும் யாருக்கும் அதுதானே தோன்றும்? ‘பெரும்பான்மைத் தலைவர்’ அதைவிட வில்லங்கம்.

‘தலைவர்’ என்ற சொல்லிலும் கூட்ட நெரிசல். கட்சித் தலைவர், குழுத் தலைவர், பேரவைத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர் என்று ஏற்கெனவே பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஆசாமிக்கு அங்கே ஃப்ளோர் லீடர் என்ற பொதுப்பெயரும் உண்டு. அதை ‘தளத் தலைவர்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். விமானப்படைத் தளத்துக்குப் பொறுப்பானவர் போலிருக்கிறது.

சொல்லைத் தேடுமுன் ஆளைப் பார்த்துவிடலாம். 1787இல் எழுதிய அரசியல் சட்டத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது. நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள்: பிரதிநிதிகள் அவை, செனட். பிரதிநிதிகள் அவை தன் சபாநாயகரைத் தானே தேர்ந்துகொள்ளும். செனட்டுக்குத் துணை அதிபர் தலைமை தாங்குவார், அவர் வராத நாளில் ஒரு தற்காலிகத் தலைவர். அவ்வளவுதான். நாம் பெயர் தேடுகிற பதவி எந்தச் சட்டத்திலும் பிறக்கவில்லை. தேவைக்கு முளைத்து, பழக்கத்தில் வேர்விட்டது.

முதலில் முளைத்தது பிரதிநிதிகள் அவையில். அங்கே சபாநாயகர் நம்மூர் சபாநாயகர் மாதிரி கட்சியைக் கழற்றி வைத்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை, அவரே கட்சியின் பெரிய தலை. 1890 ஜனவரி 29 அன்று நடந்ததைப் பாருங்கள். நாற்காலியில் மெய்ன் மாநிலத்து தாமஸ் ரீட், மலை மாதிரி ஆள். அதுவரை எதிர்த்தரப்பினர் ஒரு சுலபமான தந்திரம் வைத்திருந்தார்கள். வாக்கெடுப்பில் பெயர் வாசிக்கும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கோரம், அதாவது அவை நடக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை, இல்லை என்று அவை முடங்கிவிடும். ரீட் அன்று, பேசாமல் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘வந்திருக்கிறார்’ என்று எழுதச் சொன்னார். கென்டக்கி உறுப்பினர் மெக்கிரியரி எழுந்து, என்னை வந்ததாகக் கணக்கெடுக்க உமக்கு உரிமை இல்லை என்றார். கென்டக்கி உறுப்பினர் இங்கே இருக்கிறார் என்ற உண்மையைத்தான் சொல்கிறேன், அதை அவர் மறுக்கிறாரா என்று ரீட் திருப்பிக் கேட்டார். எழுந்து நின்றுகொண்டு ‘நான் வரவில்லை’ என்று எப்படிச் சொல்வது?

ரீட்டுக்கு ‘ஜார்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. இப்படி எல்லாம் ஒருவர் கையில் குவிந்தபோது அவருக்கு உதவிக்கு ஆள் வேண்டியிருந்தது. 1897இல் மினசோட்டாவின் ஜேம்ஸ் டானியை ரீட் தன் கட்சிக்கு விப்பாக, அதாவது வாக்கெடுப்புக்குக் கட்சிக்காரர்களை ஒன்றுசேர்க்கும் ஆளாக, வைத்துக்கொண்டார். 1899இல் அடுத்த சபாநாயகர் ஹெண்டர்சன், நியூயார்க்கின் செரினோ பெய்னை மெஜாரிட்டி லீடர் ஆக்கினார். அதற்கு முன்னால் வரிவிதிப்புக் குழுவின் தலைவரே அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவந்தார். ஆக, முதல் மெஜாரிட்டி லீடர் சபாநாயகர் நியமித்த ஆள், அவருக்கு அடுத்த படியில் நிற்பவர்.

இது மாறியது கேனன் காலத்தில். ஜோசப் கேனன் சபாநாயகராக இருந்துகொண்டே விதிகள் குழுவுக்கும் தலைவர். எந்த மசோதா அவைக்கு வரும், எது வராது என்பது அவர் பையில். 1910 மார்ச் 19 அன்று நெப்ராஸ்காவின் ஜார்ஜ் நாரிஸ் கொண்டுவந்த தீர்மானம் 191க்கு 156 என்று நிறைவேறி, அவரை அந்தக் குழுவிலிருந்து வெளியேற்றியது. நாரிஸும் கேனனின் கட்சிக்காரரே. மறு ஆண்டு ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றபோது, அலபாமாவின் ஆஸ்கர் அண்டர்வுட்டை மெஜாரிட்டி லீடராகக் கட்சி உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுத்தார்கள். நியமன ஆள் தேர்ந்தெடுத்த ஆள் ஆனது அங்கேதான்.

என் முன்மொழிவு: தமிழ்நாடு சட்டமன்றத்தில் லீடர் ஆஃப் தி ஹவுஸ் ‘அவை முன்னவர்’. அந்த ‘முன்னவர்’ நமக்கு உதவும். பெரும்பான்மை அணி முன்னவர், சிறுபான்மை அணி முன்னவர். விப்புக்குக் கொறடாவே போதும். திட்டுவதாக இருந்தாலும் திட்டிவிடுங்கள், வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும்.

திருச்சியிலிருந்து

———

வணக்கம்.

இலங்கைப் பக்கத்து வழக்கையும் மேசையில் வைக்கிறேன். எங்கள் பாராளுமன்ற ஆவணங்களில் லீடர் ஆஃப் தி ஹவுஸ் ‘சபை முதல்வர்’. சீஃப் விப் ‘முதற்கோலாசான்’. முதல் முறை கேட்கும் தமிழ்நாட்டு நண்பர்கள் எல்லோரும் ஒரு கணம் முழிப்பார்கள், கண்டிருக்கிறேன். கோல் பிடித்த ஆசான், அவ்வளவுதான். எங்கள் சின்ன வகுப்பு வாத்தியார் கண்முன்னே வந்து நிற்பார். பேச்சில் நாங்களும் கொறடா என்றுதான் சொல்கிறோம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கோலும் சரி, கொறடாவும் சரி, ஒரு விஷயத்தில் வழி தவறுகின்றன. மராத்தியிலும் ‘கோரடா’ என்றால் சாட்டைதான். இங்கிலாந்தில் இந்தப் பெயர் வந்தது நரி வேட்டையிலிருந்து. வேட்டை நாய்கள் கூட்டத்தை விட்டுச் சிதறாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போவான். அவனை விப்பர்-இன் என்பார்கள். கையில் சாட்டை இருக்கும், வேலை அடிப்பதல்ல, ஒன்றுசேர்த்து வைப்பது. 1769இல் எட்மண்ட் பர்க் காமன்ஸ் சபையில் இந்த ஒப்புமையை எடுத்துவிட்ட பிறகு சொல் ஒட்டிக்கொண்டது என்பார்கள்.

இந்தியாவில் கொறடா உத்தரவை மீறினால், கட்சித் தாவலைத் தடுக்க அரசியல் சட்டத்தில் 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி பதவியே போகலாம். ஆகவே உங்களுக்குச் சாட்டை பொருந்துகிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டமே இல்லையே. 2017 ஜூலையில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் செனட்டர் மெக்கெய்ன் அவைக்குள் நடந்து வந்து, தன் கட்சியின் மசோதாவுக்கே எதிராகக் கட்டைவிரலைக் கீழே காட்டியதை எல்லோரும் பார்த்தோம். அவருடைய கட்சித் தலைவர் மெக்கானல் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். மசோதா 49க்கு 51 என்று விழுந்தது. மெக்கெய்னின் பதவிக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த ஊர் விப்பின் உண்மையான வேலை, வாக்கெடுப்புக்கு முன்பே தலை எண்ணி வைப்பது. ‘கொறடா’ என்று எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வாசகர் மனதில் பத்தாவது அட்டவணை வந்து உட்காராமல் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

‘சபை முதல்வர்’ உங்களுக்கு ஒத்துவராது, தெரியும். முதல்வர் என்றாலே நீங்கள் கோட்டையைப் பார்ப்பீர்கள்.

வவுனியாவிலிருந்து

———

அனைவருக்கும்,

திருச்சி நண்பரின் ‘அணி’யை உடனே எடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டு அரசியலில் அணி என்றால் ஒன்று உடைந்த கட்சியில் பாதி, இல்லாவிட்டால் கூட்டணி, அதுவும் இல்லாவிட்டால் இளைஞரணி, மகளிரணி. கட்சிகளில் சிறுபான்மையினர் அணி என்றே தனியாக வைத்திருக்கிறார்கள். ‘சிறுபான்மை அணி முன்னவர்’ என்று எழுதினால் உங்கள் மாமா கேள்வியே கேட்க மாட்டார், புரிந்துவிட்டது என்று தவறாக நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அது இன்னும் ஆபத்து. ‘பெரும்பான்மை அணி’யைச் சுருக்கப் பார்த்தாலோ ‘பேரணி’ ஆகிவிடும். கொடி பிடித்துக்கொண்டு முன்னால் போகிறவர்.

‘எதிர்க்கட்சித் தலைவர்’ என்று யாராவது சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன்: கூடாது. நம் முறையில் அரசு சபைக்குள்ளிருந்து வருகிறது, அதை எதிர்ப்பவர் எதிர்க்கட்சி. இங்கே அமெரிக்காவில் அதிபர் தனி, அவை தனி. 2007இல் ஜான் பெய்னர் பிரதிநிதிகள் அவையில் மைனாரிட்டி லீடர். அதிபர் புஷ் அவருடைய கட்சிக்காரர். ஆளும் அதிபரின் கட்சி முன்னவரை எதிர்க்கட்சித் தலைவர் என்பீர்களா? ‘எதிர்வரிசை’யும் சரிப்படாது. இங்கே பெரும்பான்மை மாறினாலும் யாரும் இடம் மாறி உட்காருவதில்லை. செனட்டில் தலைமை நாற்காலிக்கு வலப்பக்கம் ஜனநாயகக் கட்சி, இடப்பக்கம் குடியரசுக் கட்சி. தோற்றாலும் ஜெயித்தாலும் அதே பக்கம்.

இன்னொரு சிக்கல், இது எனக்கே நேற்றிரவுதான் உறைத்தது. ‘மிகுகட்சி’, ‘குறைகட்சி’ என்று எண்ணிக்கையை வைத்து ஒரு சோடி செய்யலாம் என்று எழுத உட்கார்ந்தேன். ‘குறை’ என்றால் ஊனம் என்று சண்டைக்கு வருவார்கள் என்பது ஒருபுறம். வரலாறே ஒத்துழைக்கவில்லை. 1953 ஜூலையில் செனட்டில் குடியரசுக் கட்சியின் மெஜாரிட்டி லீடர் ராபர்ட் டாஃப்ட் இறந்தார், அவர் இடத்துக்கு அதே கட்சியின் கலிஃபோர்னியாவின் நோலண்ட் வந்தார். டாஃப்ட்டின் காலியிடத்தை ஒஹாயோ ஆளுநர் தன் கட்சியான ஜனநாயகக் கட்சி ஆளைக்கொண்டு நிரப்பினார். கணக்குப் பாருங்கள்: ஜனநாயகக் கட்சி 48, குடியரசுக் கட்சி 47, சுயேச்சை ஒருவர். அந்தச் சுயேச்சை தலைமையை மாற்றக் கை கொடுக்கவில்லை. ஆகவே 47 பேர் வைத்திருந்த நோலண்ட் மெஜாரிட்டி லீடர், 48 பேர் வைத்திருந்த லிண்டன் ஜான்சன் மைனாரிட்டி லீடர்! 1955இல் இருவரும் பட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். மிகுகட்சி குறைகட்சி என்று நாம் பெயர் வைத்திருந்தால் அந்த ஆண்டுக் கட்டுரையில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

2001இல் இன்னும் வேடிக்கை. செனட்டில் 50க்கு 50. சமநிலையை உடைக்கும் ஓட்டு குடியரசுக் கட்சித் துணை அதிபர் செய்னியின் கையில் இருந்ததால் அதே கட்சியின் லாட் மெஜாரிட்டி லீடர். ஜூன் மாதம் வெர்மான்ட்டின் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியை விட்டு விலகி ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து உட்கார்ந்தார். ஓர் ஆள் நகர்ந்ததில் ஜனநாயகக் கட்சியின் டாஷல் மெஜாரிட்டி லீடர், லாட் மைனாரிட்டி லீடர். நம்மூரில் என்றால் அந்த மனிதரைத் தகுதிநீக்கம் செய்ய மனுப் போட்டிருப்பார்கள்.

பட்டம் மாறுகிறது, வேலை மாறவில்லை. அதனால் சொல்கிறேன்: ஓடும் நடையில் பெரும்பான்மை, சிறுபான்மை இரண்டையும் விட்டுவிட்டுக் கட்சிப் பெயரைப் போடுங்கள். ‘செனட் ஜனநாயகக் கட்சித் தலைவர்’. நம்மிடம் ‘சட்டமன்றக் கட்சித் தலைவர்’ இருக்கிறதே, அதே அச்சு.

நியூஜெர்சியிலிருந்து

———

கட்சிப் பெயரைப் போடுவது நல்ல யோசனை. ஆனால் ‘முன்னவர்’ எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. முன்னவர் என்றால் நமக்கு முன்னால் இருந்தவர்கள், மூத்தவர்கள். பதவியை விட்டு இறங்கியவரை எப்படி எழுதுவீர்கள்? முன்னாள் முன்னவர்? அவருக்கு முன்பு இருந்தவர் முன்னவரின் முன்னவரா? நாக்குப் பயிற்சி மாதிரி இருக்கிறது.

சென்னையிலிருந்து

———

ஐயாமார்களுக்கு,

நான் இலக்கணம் படித்தவன் இல்லை. மதுரை நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம்.

திருச்சி நண்பர் வேண்டிய சொல்லைத் தானே எழுதிவிட்டு வேறெங்கோ தேடுகிறார். ரீட் பற்றிய பத்தியில் “எதிர்த்தரப்பினர் ஒரு சுலபமான தந்திரம் வைத்திருந்தார்கள்” என்று போட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் கையில் வந்த சொல். எங்களுக்குக் காலையிலிருந்து மாலை வரை அதுதான் பாஷை: வாதி தரப்பு, எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்பு என்றால் அரசுக்கு எதிர் என்று அர்த்தமில்லை. அரசே எதிர்த்தரப்பாக நிற்கும் வழக்கு ஆயிரம் உண்டு. அந்த அறைக்குள் எதிரே நிற்பவர், அவ்வளவுதான். மதமும் சாதியும் அதில் ஏறாது.

பெரும்பான்மைத் தரப்பு, எதிர்த்தரப்பு. பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து

———

மதுரை ஐயாவுக்கு முதல் வணக்கம். இரண்டு நாளாக அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன், சொல் என் வரைவிலேயே கிடந்திருக்கிறது.

தரப்பை எடுத்துக்கொள்கிறேன். நியூஜெர்சி நண்பரின் பெய்னர் சிக்கலும் அதில் தீர்கிறது. வெள்ளை மாளிகையில் யார் இருந்தாலும் அந்த அவைக்குள் அவர் எதிர்த்தரப்பு. 1953–54 நோலண்ட் கதை மட்டும் எந்தச் சொல்லிலும் அடங்காது, ஆங்கிலத்திலேயே அடங்கவில்லை. அதற்கு ஓர் அடிக்குறிப்பு. கட்சிப் பெயர் போடும் யோசனையை நடைக்கு ஏற்கிறேன். ஆனால் கலைச்சொல் பட்டியலுக்குச் சோடி வேண்டும், பட்டத்தையே பேசும் வாக்கியங்கள் வரலாற்றில் நிறைய வருகின்றன.

அப்புறம் ‘முன்னவர்’. சென்னை நண்பரின் எரிச்சல் நியாயம்தான். ‘முன்னாள் முன்னவர்’ காதுக்கு நன்றாக இல்லை. இருந்தும் விட மனமில்லை, காரணம் செனட்டில் இருக்கிறது. அந்தக் கதையை முதல் மடலில் சொல்லவில்லை.

செனட்டில் இந்தப் பதவி தாமதமாகத்தான் வந்தது. 1913இல் ஜனநாயகக் கட்சிக்கு மெல்லிய பெரும்பான்மை, அதிபர் வில்சனின் திட்டங்கள் வரிசையில் நின்றன, உறுப்பினர்களோ வாக்கெடுப்பு நேரத்தில் காணாமல் போனார்கள். இண்டியானாவின் ஜான் கெர்ன் கட்சிக்குழுத் தலைவர் என்ற பெயரில் அவை வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தார். அவருக்குத் துணையாக மே மாதம் இல்லினாயின் ஹாமில்டன் லூயிஸ் செனட்டின் முதல் கொறடா ஆனார். இளஞ்சிவப்புத் தாடியும் மடிப்புக் கலையாத உடுப்புமாகத் திரிந்த மனிதர். குடியரசுக் கட்சி 1915இல் நியமித்த முதல் கொறடா வாட்ஸ்வொர்த் ஒரே வாரத்தில் போதுமடா சாமி என்று விலகிவிட்டார். வவுனியாத் தோழர் சொன்ன தலை எண்ணும் வேலை எவ்வளவு சள்ளை பிடித்தது என்பதற்கு இதுவே சாட்சி. லீடர் என்ற பட்டத்தை முறையாகக் கொடுத்தது பிறகுதான்: ஜனநாயகக் கட்சி 1920இல், பிரதிநிதிகள் அவையிலிருந்து செனட்டுக்கு வந்திருந்த அதே அண்டர்வுட்டுக்கு. குடியரசுக் கட்சி 1925இல், சார்லஸ் கர்ட்டிஸுக்கு.

இப்போது மேசைக்கு வருகிறேன். செனட்டில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனி மேசை. அரைவட்ட வரிசைகள், நடுவே ஒரு நடைபாதை. 1927இல் ஜனநாயகக் கட்சியின் ஜோ ராபின்சன் முன்வரிசையில் நடைபாதையை ஒட்டிய மேசைக்கு வந்தார். அதிலிருந்து அது அந்தக் கட்சித் தலைமைக்கான மேசை. எதிர்ப்பக்கத்து முன்மேசைக்கு 1937இல் ஓரிகனின் சார்லஸ் மெக்னேரி வந்தார். அப்போது 96 பேர் செனட்டில் அவருக்குப் பின்னால் 20 பேர்கூட இல்லை, இருந்தாலும் மேசை முன்மேசை. அதே 1937இல் துணை அதிபர் ஜான் நான்ஸ் கார்னர் ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். ஒரே நேரத்தில் பலர் பேச எழுந்தால் முதலில் பெரும்பான்மைத் தரப்பு லீடருக்கு, அடுத்து எதிர்த்தரப்பு லீடருக்கு வாய்ப்பு. எழுதிய விதியில் அது இல்லை. இன்றைக்கும் செனட்டில் அவர்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அதுதான். முதலில் பேச முடிந்தால் முதலில் திருத்தம் கொண்டுவரலாம், அடுத்து எந்த மசோதா என்று சொல்லலாம், மற்றவர் கையை உயர்த்துமுன் கதவைச் சாத்தலாம்.

முன்வரிசையில் இருப்பவர், முன்னால் பேசுபவர். ‘முன்னவர்’ என்பதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? ‘தலைவர்’ என்றால் மற்றவர்கள் கீழே. இவர் மற்றவர்களுக்கு மேலே இல்லை, ஒரு வரிசை முன்னே. மெக்கெய்ன் கட்டைவிரலுக்கு முன்னால் மெக்கானல் கைகட்டி நின்றது அதனால்தான். முன்னாள் ஆட்களை ‘முன்பு முன்னவராக இருந்த’ என்று எழுதிக்கொள்கிறேன், இரண்டு சொல் கூடினால் கூடட்டும்.

ஒரு எச்சரிக்கை: பிரதிநிதிகள் அவையில் பெரும்பான்மைத் தரப்பு முன்னவருக்கு மேலே சபாநாயகர் உண்டு. செனட்டில் அவருக்கு மேலே கட்சியில் ஆள் இல்லை. ஒரே சொல், இரு அவைகளிலும் எடை வேறு. இதைச் சொல்லால் சரிசெய்ய முடியாது, முதல் பத்தியிலேயே சொல்லிவிடப் போகிறேன்.

ஆகவே பட்டியலுக்குப் போவது: ஃப்ளோர் லீடருக்கு ‘கட்சி முன்னவர்’. மெஜாரிட்டி லீடருக்குப் ‘பெரும்பான்மைத் தரப்பு முன்னவர்’. மைனாரிட்டி லீடருக்கு ‘எதிர்த்தரப்பு முன்னவர்’. விப்புக்குக் ‘கொறடா’, இலங்கை வழக்காகக் ‘கோலாசான்’, கூடவே பத்தாவது அட்டவணை இங்கே இல்லை என்று ஒரு வரி.

திருத்திய அச்சை நேற்றிரவு மாமாவிடம் கொடுத்தேன். பேனா மூன்றாம் பக்கத்தைத் தாண்டியது. ஐந்தாம் பக்கத்தில் நிமிர்ந்து, “பேராசிரியர் அன்பழகன் அவை முன்னவரா இருந்தாரே, அந்த மாதிரியா?” என்றார்.

பிரதிநிதிகள் அவை என்றால் கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா, என்றேன். “அப்ப செனட்டுக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

அந்தப் பத்தியைத்தான் இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து